மதுரைக்குப் போன கங்காணிக் கோட்டு

கங்காணி மாமா எங்கே போனாலும் கடைசியில்தான் நடப்பார். மலையில் அது பழக்கம். கொழுந்து எடுக்கிற பெண்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாகப் போவோம். தேயிலைச் செடிக்கு நடுவில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க இடம் கிடையாது. எல்லாருக்கும் பின்னால் கங்காணி வருவார். அப்போதுதான் யார் நிற்கிறாள், யார் கதை பேசுகிறாள் என்பது அவர் கண்ணில் படும். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. மலையில் அது அவருக்குச் சௌகரியம். மதுரையில் அதுவே வினையாகப் போனது.

அவர் என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா. எனக்கு மாமா முறை. எங்கள் தோட்டம் இலங்கையில், பொகவந்தலாவைப் பக்கம். மாமாவின் தங்கச்சி இந்தியாவில், மதுரைக்கு வெளியே ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தார். அந்தத் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாமா எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"ஊரப் பாத்திட்டு வருவோம் வாங்க. ஒங்க பாட்டன் பூட்டன் பொறந்த மண்ணு."

பெட்டி தூக்க ஒரு ஆள், ரொட்டி சுட ஒரு ஆள் வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் போகும்போதும் வரும்போதும் பெட்டி தூக்கியது என் வீட்டுக்காரர். ரொட்டி சுட்டது நான். கோதுமை மா ரொட்டி இல்லாமல் மாமாவுக்குப் பொழுது விடியாது.

எங்கள் மகளுக்கு அப்போது இரண்டு வயசு. அவளையும் பாஸ்போட்டில் சேர்த்து எழுத நேரமில்லை என்று தோட்டத்துக் கிளாக்கர் ஐயா சொல்லிவிட்டார். எங்கள் லயம் ஒரே வரிசையாகக் கட்டிய அறைகள், குடும்பத்துக்கு ஒரு காம்பரா. அவளை அடுத்த காம்பரா அக்காவிடம் விட்டேன். நாங்கள் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பினால் என்னால் போக முடியாது. எழுப்பவில்லை.

பாஸ்போட்டு இல்லாமல் கப்பல் ஏற முடியாத காலம் அது. திரும்பி வருவதற்கும் அதில் ஒரு தேதி அடித்துக் கொடுத்தார்கள். அந்தத் தேதிக்குள் கப்பல் ஏறவேண்டும். தாண்டினால் அக்கரையிலேயே இருக்கவேண்டியதுதான். அப்படிப் போய் நின்றுபோனவர்கள் எங்கள் லயத்திலேயே உண்டு. உண்டு என்றால், அவர்கள் காம்பரா உண்டு. அவர்கள் இல்லை.

போவதற்கு முன்னால் தண்ணீர் பிடிக்கிற பீலியில் எனக்குப் புத்திமதி சொல்லாத ஆள் இல்லை. இந்தியாவுக்குப் போனவர்களை விடப் போகாதவர்களுக்கே அங்குள்ள கள்ளர்களைப் பற்றி நிறையத் தெரிந்திருந்தது.

"மதுரையில மூக்குத்தியக் கழட்டுனா மூக்குக்கே தெரியாதாம்" என்றாள் ஒருத்தி.

"அப்ப மூக்க என்னா செய்யிறது? அக்காகிட்ட வச்சிட்டுப் போவவா?" என்றேன்.

"வச்சிட்டுப் போ. ஒன் மகளோட சேத்துப் பாத்துக்கிறேன்" என்றார் அடுத்த காம்பரா அக்கா.

மாமாவும் அந்த வழியாக வந்தார். நின்று கேட்டார். பிறகு எல்லாருக்குமாகச் சொன்னார்.

"நகை கெடக்கட்டும். அவனுங்க மொதல்ல சட்டையில ஏதாச்சும் அசிங்கத்தப் போடுவானுங்க. பெறகு, ஐயா காக்கா எச்சம்னு தொடைக்க வருவானுங்க. தொடைக்கிற கை ஒண்ணு, எடுக்கிற கை ஒண்ணு. எங்கிட்ட நடக்குமா? மதுர எனக்குத் தெரியாத ஊரா?"

சின்னப் பிள்ளையில் அவரை அவர் அப்பா மதுரைக்குத் தூக்கிப் போயிருக்கிறார். அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த ஊர். தரையில் கால் வைத்தாரா என்று தெரியாது.

ஹட்டனில் ரயில் ஏறி, பொல்காவலையில் மாறி, தலைமன்னார் போனோம். கப்பலில் ஏறுமுன் மாமா கையை நீட்டினார்.

"மூணு பாஸ்போட்டையும் இங்க குடு."

"நாங்களே வச்சிக்கிறமே பெரியப்பா" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆளுங்க சீட்டு கங்காணிகிட்டத்தான் இருக்கணும்."

முந்தின காலத்தில் அப்படித்தான். தோட்டத்து ஆட்களின் துண்டுச்சீட்டு எல்லாம் கங்காணி கையில் இருக்கும். சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் ஆளைச் சேர்க்க மாட்டார்கள். அந்தக் காலம் போய்விட்டது. மாமாவின் கைக்கு அது தெரியவில்லை. கொடுத்துவிட்டோம். அவர் மூன்றையும் மழை நனைக்காத ரப்பர் சீலைத் துண்டு ஒன்றில் சுற்றி, கோட்டின் உள்பையில், இடது நெஞ்சுப் பக்கம் வைத்தார்.

அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். கறுப்புக் கோட்டு. ஒரு துரை சீமைக்குத் திரும்பிப் போகும்போது மாமாவுக்குக் கொடுத்தது. துரை பெரிய ஆள். மாமா சின்ன ஆள். உள்ளே இன்னொரு மாமாவுக்கும் இடம் இருந்தது. மலைக் குளிரில் அது நல்ல கோட்டு. மதுரைப் பக்கத்து வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு அவர் நின்றதைப் பார்க்க எனக்கே வேர்த்தது.

"கழட்டிக் கையில வச்சிக்கங்களேன் மாமா."

"கோட்டு இல்லாட்டி நான் கங்காணின்னு எவனுக்குத் தெரியும்?"

கல்யாணம் நல்லபடி நடந்தது. அதில் எழுத ஒன்றுமில்லை. சோறு போட்டார்கள். சாப்பிட்டோம். காலையில் இட்லி கொடுத்தார்கள். மாமா அதை அழுத்திப் பார்த்துவிட்டு, "இது பஞ்சு. வயித்துல நிக்காது" என்றார். நான் அந்த வீட்டு அடுப்பில் ரொட்டி சுட்டேன். புறப்படுவதற்கு முதல்நாளும் வழிக்கு என்று சுட்டு மூட்டையில் வைத்தேன்.

திரும்புகிற தேதிக்கு ஒரு நாள் பாக்கி. அன்று சாயங்காலம் மதுரையில் ரயில் ஏறினால் காலையில் தனுஷ்கோடி. அங்கே கப்பல். தனுஷ்கோடி அப்போது இருந்தது. அந்த ரயிலை விட்டால் மகளிடம் போகமுடியாது. எனக்கு மதுரையில் பார்க்கவேண்டியது ரயில் ஒன்றுதான். ஆனால் மாமா, "மீனாச்சியப் பாக்காம போனா லயத்துல சிரிப்பாங்க" என்றார். அதனால் காலை பஸ்ஸிலேயே மதுரைக்குப் புறப்பட்டோம்.

பஸ்ஸில்தான் எனக்குப் பயம் வந்தது. மாமாவுக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டிருந்தது. கொஞ்சத்துக்கு ஒரு தடவை இடது நெஞ்சைத் தடவிப் பார்ப்பார். பாஸ்போட்டு இருக்கிறதா என்று. தடவுவார், தலையை ஆட்டுவார், வெளியே பார்ப்பார், மறுபடி தடவுவார். பின் சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்.

"சிலோன்காரருக்கு நெஞ்சு வலி போல. தடவிக்கிட்டே வர்றாரு."

"வலி இல்லைய்யா. கனம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கெட்டவர்கள் இல்லை. சும்மா சிரித்தார்கள். ஆனால் இவர்களுக்குத் தெரிந்தால் மதுரை முழுக்கத் தெரிந்த மாதிரிதான்.

கொஞ்ச நேரத்தில் மாமா தூங்கிவிட்டார். வாய் திறந்திருந்தது. கோட்டும் திறந்திருந்தது. நான் அவர் பக்கத்தில் இருந்தேன். என் வீட்டுக்காரர் பெட்டியோடு முன்னால் இருந்தார்.

கொழுந்து எடுக்கும்போது கிளையை இழுக்கக் கூடாது. கிளை ஆடாமல் இலை மட்டும் கையில் வரவேண்டும். ரப்பர் சீலை அப்படித்தான் வந்தது. மடியில் வைத்துப் பிரித்தேன். மூன்று புத்தகத்தையும் எடுத்து மூட்டையில் போட்டேன். பிறகு யோசித்தேன். எழுந்ததும் தடவுவார். ஒன்றும் இல்லாவிட்டால் பஸ்ஸை நிறுத்துவார். மூட்டையில் ரொட்டி இருந்தது. மிச்சம் இரண்டுதான். முதல்நாள் சுட்டது, விறைத்துப் போயிருந்தது. இரண்டையும் அடுக்கி, பாஸ்போட்டு அளவுக்கு ஓரத்தை ஒடித்து, அதே சீலையில் சுற்றினேன். கையில் வைத்துப் பார்த்தேன். கனம் சரியாக இருந்தது. உள்பையில் திரும்ப வைத்தேன்.

நிமிர்ந்தால் எதிர் சீட்டில் ஒரு பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் இடுப்பு மடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்து, வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

மாமா எழுந்தார். நெஞ்சைத் தடவினார். தலையை ஆட்டினார்.

மதுரையில் இறங்கியதும் பஸ் நிலையத்துக் கக்கூசுக்குப் போனேன். மூன்று புத்தகத்தையும் ஒரு துணியில் வைத்து, சேலைக்கு உள்ளே இடுப்பில் கட்டினேன். கட்டியது கொழுந்துக் கூடைக் கயிறு. ஏறி இறங்கினாலும் அவிழாத முடிச்சு போட்டேன். அவசரத்தில் அவிழ்க்கவும் முடியாத முடிச்சு அது. அப்போது அதைப் பற்றி நினைக்கவில்லை.

வெளியே வந்தேன். மாமா எங்களை மலையில் மாதிரி நிரை பிடிக்க வைத்தார். முன்னால் நான். முதுகில் மூட்டை, கயிறு தலையில். கொழுந்துக் கூடை மாட்டுகிற மாதிரிதான் மூட்டையையும் மாட்டியிருந்தேன். கை சும்மா இருந்தது. எனக்குப் பின்னால் தலையில் பெட்டியோடு என் வீட்டுக்காரர். பெட்டியை ரயில் நிலையத்தில் கொடுத்து வைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். "கள்ளன் கையில நாமளே குடுக்கவா?" என்று மாமா கேட்டார். கடைசியில் குடையோடு மாமா.

தெரு அகலமாக இருந்தது. பத்துப் பேர் சேர்ந்து நடக்கலாம். நாங்கள் ஒருவர் பின்னால் ஒருவராகப் போனோம். வேறு மாதிரி நடக்க எங்களுக்குத் தெரியாது. ஒரு சைக்கிள்காரன் இறங்கி நின்று வழி விட்டான். பின்னால் சாமி வருகிறது என்று நினைத்தானோ என்னவோ.

வழி கண்டுபிடிப்பது அடுத்த கஷ்டம். தோட்டத்தில் மேட்டுக்குப் போனால் லயம். பள்ளத்துக்குப் போனால் ரோடு. கண்ணை மூடிக்கொண்டு போனாலும் காலுக்குத் தெரியும். மதுரையில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. காலுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"கோபுரத்தப் பாத்து நட" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது.

கோபுரத்தைப் பார்த்து நடந்தேன். தெரு திரும்பியது. திரும்பினால் வேறு கோபுரம். அதைப் பார்த்து நடந்தேன். அங்கேயும் தெரு திரும்பியது. கோபுரம் ஒன்று என்று நினைத்து நாங்கள் கோயிலைச் சுற்றியே வந்துகொண்டிருந்தோம். ஒரு மூலையில் பூக்காரம்மா ஒருவர் சாக்கில் கூரை போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்தார். நாங்கள் போய்விட்டுத் திரும்ப அதே மூலைக்கு வந்தோம். மறுபடியும் பார்த்தார். அடுத்த தடவை வந்தபோது பூக் கட்டுவதை நிறுத்திவிட்டார்.

"ஏத்தா, சிலோனா?"

"ஆமாங்க."

"இத்தன சுத்து அம்மனே வராது. கோயிலுக்குள்ள போகணும்னா வாசலுக்குள்ள நுழையணும்த்தா. அந்தா, அங்கிட்டு இருக்கு."

"எங்களுக்குத் தெரியும்" என்றார் மாமா பின்னாலிருந்து. "ஊரப் பாத்துக்கிட்டு வர்றோம்."

"பாருங்க பாருங்க. பெட்டிக்காரர் மட்டும் பாக்க முடியாது போல. கழுத்து திரும்பலையே."

கோயிலுக்குள் போனோம். கும்பிட்டோம். நான் கும்பிட்டது ஒன்றுதான், ரயில் கிடைக்கவேண்டும் என்று. வெளியே வந்து ஒரு கடையில் தேத்தண்ணி குடித்தோம். மாமா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"இதுக்குக் காசு வேற கேக்கிறான். நம்ம பெக்டரியில கூட்டித் தள்ளுற குப்ப இது."

கடைக்காரருக்குக் கேட்டது. "அப்ப நல்ல தூளா ஒரு மூட்ட கொண்டாந்திருக்கலாமுல்ல?" என்றார். மாமா மிச்சத்தையும் குடித்தார்.

அங்கிருந்து ரயில் நிலையம் போகவேண்டும். கடைக்காரர் வழி சொன்னார். கூட்டமான கடைத்தெரு அது. மறுபடி நிரை. நான் முன்னால். திரும்பிப் பார்த்தால், "முன்னப் பாத்து நட புள்ள" என்று சத்தம் வரும். என் வீட்டுக்காரர் பெட்டியோடு திரும்ப முடியாது. இப்படியே போய்க்கொண்டிருந்தோம். பின்னால் மாமாவின் சத்தம் விடாமல் வந்தது. "ஓரமாப் போ. மாடு வருது. வளையலப் பாக்காத. நட நட."

பிறகு சத்தம் நின்றது.

மலையில் கங்காணியின் சத்தம் நின்றால், ஒன்று துரை வந்திருப்பார், இல்லை கங்காணி சறுக்கி விழுந்திருப்பார். திரும்பினேன். மாமா நடுத்தெருவில் இரண்டு கையையும் அகட்டிக்கொண்டு நின்றார். வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் துண்டால் அவர் கோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அசையாம நில்லுங்க தொரை. காக்கா பண்ணிப்புடுச்சு. ஒசந்த துணி, கறை புடிச்சிரும்."

"சீமத் துணி" என்றார் மாமா.

"அதான் பாத்தேன். இந்த ஊருல இந்தத் துணி ஏது?"

"சிலோன்ல எங்க தொரை குடுத்தது."

"தொரைக்குத் தொரை குடுத்தது. கையக் கொஞ்சம் தூக்குங்க."

மாமா கையைத் தூக்கினார். அவன் முன்னால் துடைத்தான், பின்னால் துடைத்தான், கும்பிட்டான், போய்விட்டான். நான் வாய் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பீலியில் ஊருக்கெல்லாம் சொன்னவர் இவர்தான். காக்கா என்றது காதில் விழுந்திருக்கும். துரை என்றதும் மற்றது மனசில் நின்றிருக்காது.

"பாத்தியா" என்றார் மாமா. "மரியாத தெரிஞ்ச ஊரு."

சொல்லிக்கொண்டே பழக்கப்படி நெஞ்சைத் தடவினார். தலையை ஆட்டவில்லை. கையை உள்பைக்குள் விட்டார். உள்ளே போன கை வெளியே வந்தது. கோட்டின் இடது பக்கம், அவருடைய நாலு விரலும் வெளியே தெரிந்தன. வெளித்துணியையும் உள்பையையும் ஒரே கீறலில் பிளேடு கிழித்திருந்தது.

மாமா தன் விரலையே பார்த்தார். அசைத்துப் பார்த்தார். பிறகு அங்கேயே, ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"போச்சு" என்றார்.

எனக்கு முதலில் வந்தது கோபம். கொஞ்சம் இருக்கட்டும், படட்டும் என்று நினைத்தேன். உடனே எடுத்துக் கொடுக்கவும் வழியில்லை. சேலைக்குள் இருக்கிறது. கூடைக் கயிறு. நடுத்தெரு. அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் போலீசுக்குப் போகச் சொன்னார். போலீசில் எழுதினால் பொழுது போய்விடும், ரயிலும் போய்விடும் என்று இன்னொருவர் சொன்னார்.

நான் என் வீட்டுக்காரர் பக்கத்தில் போனேன்.

"பாஸ்போட்டு எங்கிட்டத்தான் இருக்கு."

அவர் பெட்டிக்குக் கீழேயிருந்து கண்ணை மட்டும் திருப்பினார். "எங்க?"

"இடுப்புல."

"எடுத்துக் குடு."

"நடுத்தெருவுலயா?"

யோசித்தார். அவர் எதையும் யோசித்துத்தான் பேசுவார். "அப்ப கள்ளன் எதை எடுத்தான்?"

"ரொட்டிய."

பெட்டி ஆடத் தொடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சிரிக்க முடியாது.

மாமா அதைப் பார்த்துவிட்டார்.

"பாருங்க, எந்தம்பி மகன் அழுவுறான்" என்று கூட்டத்துக்குச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "தாயி, எனக்கு ஒண்ணுமில்ல. நான் கெழவன். எங்க கெடந்தாலும் ஒண்ணுதான். அந்தப் பச்சப்புள்ளயில்ல அங்க ஒன்னயத் தேடிக்கிட்டு இருக்கும். அது மொகத்துல நான் எப்பிடி முழிப்பேன்?"

தலைமன்னாரிலிருந்து அவர் என் மகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நினைக்கவே இல்லை என்று நினைத்திருந்தேன். என் கோபம் போய்விட்டது. ஆனால் ஒன்று புரிந்தது. இந்தக் கூட்டத்தில் வைத்து, நான்தான் உங்கள் பையிலிருந்து எடுத்தேன் என்று சொன்னால், ரயில் கிடைக்கும். மாமா கிடைக்கமாட்டார். அதற்குப் பிறகு அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு எங்கள் முன்னால் அவரால் நிற்க முடியாது. எங்களுக்குப் பின்னாலும் நிற்க முடியாது.

மாமா எழுந்தார். "போலீஸ் டேசனுக்குப் போவோம்" என்றார்.

"இந்தக் கிழிஞ்ச கோட்டோடயா மாமா? தைச்சித் தாறேன். அந்தப் பூக்காரம்மாகிட்ட ஊசி இருக்கும்."

"கோட்டா இப்ப முக்கியம்?"

"கோட்டு இல்லாட்டி நீங்க கங்காணின்னு போலீசுக்கு எப்பிடித் தெரியும்?"

அது அவருக்குச் சரியாகப் பட்டது.

பூக்காரம்மாவின் மூலை பக்கத்தில்தான் இருந்தது. சுற்றிச் சுற்றி வந்ததில் அந்த ஒரு வழி எங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எங்களைக் கண்டதும், "இன்னும் ஒரு சுத்தா?" என்றார். நான் குனிந்து விஷயத்தை அவர் காதில் சொன்னேன். அவர் என்னையும் பார்த்தார், மாமாவையும் பார்த்தார். மாமாவை முன்பக்கம் வெயிலில் உட்காரச் சொல்லி, கையில் ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தார். என்னைப் பின்பக்கம், சாக்குத் திரைக்கு உள்ளே தள்ளிவிட்டார். கோட்டும் என்னோடு வந்தது.

முடிச்சு அவிழவில்லை. வேர்வையில் கயிறு இறுகிப்போயிருந்தது. பல்லால் எட்ட முடியாத இடம். வெளியே மாமா, "நேரமாவுது புள்ள, பெரிய கிழிசலா?" என்று கேட்டார். "பெரிசுதான் மாமா" என்றேன். பூக்காரம்மா நார் வெட்டுகிற கத்தியைத் திரைக்குக் கீழாகத் தள்ளினார். நல்ல கயிறு. அறுத்தேன்.

புத்தகம் மூன்றும் வேர்வையில் நனைந்திருந்தன. சேலையில் துடைத்தேன். கிழிசல் வழியாக உள்துணிக்கும் வெளித்துணிக்கும் நடுவில் விட்டேன். கோட்டு பெரிய கோட்டு. மூன்றும் கீழே ஓரத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டன. பூக் கட்டுகிற நூலில் கிழிசலைத் தைத்தேன். மஞ்சள் நூல்தான் இருந்தது. கறுப்புக் கோட்டில் மஞ்சள் நூல். நெஞ்சில் ஒரு பூரான் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

வெளியே வந்து கோட்டைக் கொடுத்தேன்.

"மாமா, கீழ ஓரத்துல என்னமோ தட்டுப்படுது. பாருங்க."

அவர் கையை வைத்தார். அழுத்தினார். மறுபடி அழுத்தினார். முகம் அப்படியே இருந்தது. பிறகு பல்லால் ஓரத் தையலைப் பிரித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று வெளியே எடுத்தார். எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

பூக்காரம்மா, "அட, உள்ளுக்குள்ள விழுந்து கெடந்திருக்கு. ஒங்க நல்ல நேரம்" என்றார்.

"விழல" என்றார் மாமா.

நான் மிச்ச நூலைச் சுற்றுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

"அவன் கை வைக்கும்போதே எனக்குத் தெரிஞ்சிருச்சி" என்றார் மாமா. "மேலாலத் தொடைக்கிறான், கீழால எடுக்கிறான். நான் சத்தம் போடல. அவன் சீலயப் புடிச்சான். நான் உள்ளுக்குள்ளாலேயே புஸ்தகத்த ஒரு தள்ளு தள்ளிட்டேன். வெறும் சீலய உருவிக்கிட்டுப் போயிட்டான் மடையன்."

"பெறகு ஏன் பெரியப்பா படியில உக்காந்தீங்க?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். அன்று அவர் பேசியது கொஞ்சம்தான். அதில் இதைப் பேசியிருக்க வேண்டாம்.

"அவன் தூரத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தா? அவன ஏமாத்தத்தான்."

பூக்காரம்மா என் தலையில் ஒரு முழம் பூவை வைத்தார். காசு வாங்கவில்லை. "இந்த மாதிரி ஒரு நாள் வராதுத்தா" என்றார்.

ரயில் கிடைத்தது. மாமா பாஸ்போட்டைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். இப்போது இடுப்பில், பெல்ட்டுக்குள். நெஞ்சைத் தடவுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. மஞ்சள் தையலைத் தடவுவார், தலையை ஆட்டுவார்.

வண்டி மானாமதுரை தாண்டியிருக்கும். மாமா சொன்னார்:

"தாயி, அந்த ரொட்டிய எடு. காலையிலேருந்து வயிறு காயுது."

நான் மூட்டையைப் பார்த்தேன். அதில் இருந்தது துணி. அதையே கிளறினேன்.

"ரெண்டு இருந்துச்சே. நான் பாத்தேனே. கல்யாண வீட்டுல கட்டி வச்சியே."

"நான் தின்னுட்டேன் பெரியப்பா" என்றார் என் வீட்டுக்காரர்.

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்."

"எப்ப?"

"பஸ்ஸுல. நீங்க தூங்கும்போது."

மாமா அவரை ஏற இறங்கப் பார்த்தார். கள்ளனைக்கூட அப்படிப் பார்க்கவில்லை. "ஒரு கெழவன் கூட வர்றானேன்னு ஒரு துண்டு பிச்சி வைக்கத் தோணல" என்றார். பாம்பன் பாலம் வரை திட்டினார். பாலத்தில் கடலைப் பார்த்து நிறுத்தினார். பாலம் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

தனுஷ்கோடியில் அதிகாரி தேதியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மாமாவின் நெஞ்சில் மஞ்சள் தையலைப் பார்த்தார். கேட்கவில்லை. முத்திரை குத்தினார்.

லயத்துக்கு வந்தபோது மகள் பீலியில் அக்காவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டு அக்காவின் பின்னால் ஒளிந்தாள். நான் கூப்பிடவில்லை. மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்து, வாடிப்போயிருந்த பூவை என் தலையிலிருந்து பிடுங்கினாள். பிறகு மடியில் ஏறினாள்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "மூக்குத்தி இருக்கு" என்றார். "அப்ப கள்ளன் ஒண்ணும் எடுக்கல."

அன்று சாயங்காலமே மாமா வாசலில் உட்கார்ந்து கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டார். பிறகு பல வருசம் சொன்னார். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் சொன்னார். மலையில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் சொன்னார். வருசத்துக்கு வருசம் கள்ளன் பெரியவனானான். முதலில் ஒருவன். பிறகு இரண்டு பேர். கடைசியில் ஒரு கூட்டமே கோட்டைப் பிடித்து இழுத்தது. மாமா அத்தனை பேருக்கும் நடுவில் அசையாமல் நின்று பாஸ்போட்டை உள்ளே தள்ளினார்.

"கடைசியில என்னாதான் எடுத்தான் கங்காணியாரே?" என்று யாராவது கேட்பார்கள்.

"வெறும் ரப்பர் சீலத் துண்டு. மதுரக் கள்ளனே எங்கிட்ட ஒண்ணும் எடுக்க முடியல" என்பார் மாமா. பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் கையை நீட்டுவார். "எங்கிட்டேருந்து எடுத்த கள்ளன் இவன் ஒருத்தன்தான். ரெண்டு ரொட்டி. என்னயப் பட்டினியாக் கப்பல் ஏத்துனவன்."

எல்லாரும் சிரிப்பார்கள். என் வீட்டுக்காரர் என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். நான் கூடைக் கயிற்றைச் சரிசெய்வேன். பிறகு மாமா சத்தம் போடுவார், நாங்கள் நிரை பிடித்து நடப்போம். அவர் கடைசியில் வருவார்.